“உங்கள் நாய்தான் முதலில் குரைத்தது” என்கிறார்: கடிபட்ட நாயின் பில்லை யார் கட்டுவது?

கேள்வி: சிங்கப்பூரின் பொங்கோலில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் இருக்கிறோம். எங்கள் ஷிட்ஸு பொம்மிக்கு ஏழு வயது, எடை ஆறு கிலோதான். போன சனிக்கிழமை மாலை அம்மா அவளைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு புளோக்கைச் சுற்றி நடந்தபோது, பக்கத்து புளோக்கின் பெரிய பழுப்பு நாய் கயிறே இல்லாமல் ஓடிவந்து அவள் முதுகைக் கவ்வி உலுக்கிவிட்டது. இழுத்துப் பிரித்ததில் அம்மாவின் விரலிலும் பல் பட்டது. அந்த நாயுடன் வந்தது வீட்டுப் பணிப்பெண். அறுவை சிகிச்சையோடு சேர்த்து இதுவரை 2,350 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆகிவிட்டது. நாய்க்காரர் முதலில் வாட்ஸ்அப்பில் மன்னிப்புக் கேட்டார். பில்லைப் பார்த்ததும், “உங்கள் நாய்தான் முதலில் குரைத்தது, 300 வெள்ளி தருகிறேன்” என்கிறார். புகார் கொடுத்தால் அந்த நாயைக் கொன்றுவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: பணத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் பொம்மி.

நாய்க்கடியில் வெளியே தெரியும் ஓட்டையை நம்பவே கூடாது. பெரிய நாய் சின்ன நாயைக் கவ்வி உலுக்கும்போது, தோல் ரப்பர் மாதிரி நகர்ந்து கொடுத்துவிடும். அதற்கு அடியில் இருக்கும் தசை அப்படி நகராது; நசுங்கிக் கிழியும். மேலே நான்கு பொட்டுத் துளைகள், உள்ளே கையே நுழையும் அளவு கிழிசல் என்று கால்நடை மருத்துவனான நான் எத்தனையோ நாய்களை மேசையில் பார்த்திருக்கிறேன். முதுகில் கடி என்றால் விலா, நுரையீரல், வயிறு எல்லாவற்றையும் சந்தேகப்பட வேண்டும். பொம்மிக்கு அறுவை சிகிச்சை ஆகிவிட்டது, நல்லது. ஆனால் கசங்கிய தசையும் தோலும் சில நாள் கழித்துத்தான் கறுத்து, அழுகி, தன் சுயரூபத்தைக் காட்டும். தையலைச் சுற்றி நாற்றம், சீழ், சூடு, சாப்பிட மறுப்பது, வேகமாக மூச்சு வாங்குவது, ஈறு வெளுப்பது, தோலைத் தடவினால் அப்பளம் நொறுங்குவது போல் கரகரப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மறுநாள் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே கொண்டுபோங்கள்.

மஞ்சள் பற்றும் வேண்டாம், டெட்டாலும் வேண்டாம். மஞ்சள் பூசி வரும் காயத்தைக் கழுவவே எனக்கு அரை மணி நேரம் போகும். வலிக்கிறதே என்று நம்முடைய மாத்திரையை உடைத்துக் கொடுப்பது அதைவிட மோசம். இதைப் படிப்பவர்களில் பூனை வளர்ப்பவர்களும் இருப்பீர்கள்: ஒரு பனடோல் மாத்திரை பூனையின் உயிரை எடுக்கப் போதும்.

அம்மாவின் விரல். கடிபட்டவுடன் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவியிருந்தால் பாதி வேலை முடிந்தது. கழுவியிருந்தாலும் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். விரலிலும் மூட்டிலும் படும் பல், காயம் சின்னதாகத் தெரிந்தாலும் கிருமியை ஆழத்தில் கொண்டுபோய் வைத்துவிடும். அம்மாவுக்கு நீரிழிவு இருந்தால் இன்றைக்கே பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போய்விடுங்கள். இந்நேரம் ஊரிலிருந்து யாராவது போன் செய்து, “தொப்புளைச் சுற்றி ஊசி போட்டாச்சா?” என்று கேட்டிருப்பார்கள். சிங்கப்பூரில் 1953 முதல் வெறிநாய்க்கடி நோய் இல்லை. மருத்துவர் பெரும்பாலும் பார்ப்பது ஏற்பு (டெட்டனஸ்) தடுப்பூசியும் கிருமிக்கொல்லி மருந்தும்தான். இதே கடி தஞ்சாவூரிலோ யாழ்ப்பாணத்திலோ நடந்திருந்தால் கதையே வேறு. அங்கே வெறிநாய்க்கடித் தடுப்பூசியை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

சரி, இப்போது குரைத்த விவகாரம்.

குரைப்பது குற்றமில்லை. நாய் குரைக்கத்தான் செய்யும். பொது இடத்தில் நாயைக் கயிற்றில் பிடித்திருக்க வேண்டும் என்பதுதான் இங்கே விதி; மீறினால் 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் இருப்பது போல் வேலி போட்ட நாய் ஓடுதளங்களில்தான் அவிழ்த்துவிடலாம். புளோக்கின் கீழ்த்தளம், நடைபாதை, புல்வெளி எல்லாம் பொது இடம்தான். ஆகவே அவர் ‘யார் முதலில் குரைத்தது’ என்று பேச்சை இழுக்கும்போது நீங்கள் பின்னாலேயே போகாதீர்கள். கேட்க வேண்டியது ஒரே கேள்வி: “உங்கள் நாய் கயிற்றில் இருந்ததா?” உங்கள் பக்கம் வலுவாக இருப்பது பொம்மி கயிற்றில் இருந்ததால்தான். இரண்டுமே அவிழ்ந்து திரிந்திருந்தால் நான் இவ்வளவு தைரியமாகச் சொல்லமாட்டேன்.

“பணிப்பெண்தான் கயிற்றை விட்டார், நான் அங்கே இல்லை” என்று அடுத்து சொல்வார். நாய் அவருடையது, உரிமம் அவர் பெயரில். பழுப்பு நாய் திமிறி இழுத்தால் நாற்பத்தைந்து கிலோ பெண்ணால் என்ன செய்ய முடியும்? அந்தப் பெண்ணால் அடக்க முடியாத நாயை அவர் கையில் கொடுத்து அனுப்பியவர் உரிமையாளர்தான். அந்தப் பெண்ணிடம் கோபப்படாதீர்கள். நடந்ததை நேரில் பார்த்த சாட்சியே அவர்தான்.

புகார் செய்ய வேண்டிய இடம், தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இருக்கும் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவை. நாமெல்லாம் ஏவிஎஸ் என்போம். எண் 1800-476-1600. இணையத்திலும் எழுதலாம். நாள், நேரம், புளோக் எண், நாயின் நிறம், உயரம், யார் பிடித்திருந்தது, கயிறு இருந்ததா என்று நடந்ததை மட்டும் எழுதுங்கள். ‘கொலைகார நாய்’ போன்ற சொற்கள் எதற்கும் உதவாது. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு நாய்க்கும் உரிமமும் மைக்ரோசிப்பும் வேண்டும் என்பதால், உரிமையாளர் யார் என்று கண்டுபிடிப்பது உங்களைவிட அவர்களுக்கு எளிது. அம்மாவுக்கும் காயம் பட்டிருப்பதால் போலிசிலும் ஒரு புகார் பதிந்து வையுங்கள். தன் விலங்கால் மனிதருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறுவது தண்டனைச் சட்டத்தின் 289வது பிரிவில் வருகிறது. அந்தப் பிரிவு பேசுவது மனிதருக்கு வரும் ஆபத்தைப் பற்றி மட்டும்தான். பொம்மிக்காக அதன்கீழ் போக முடியாது.

இன்றைக்கே செய்ய வேண்டிய இன்னொரு வேலை இருக்கிறது. அவர் அனுப்பிய மன்னிப்புச் செய்தியைப் படம் பிடித்து வேறு இடத்தில் சேமித்துவிடுங்கள். ‘சாரி, கயிறு போடவில்லை’ என்ற மாதிரி ஒரு வரி அதில் இருந்தால், அதற்குப் பிறகு அவர் சொல்லும் பத்துக் கதையைவிட அது பெரிது. கேமரா பதிவுகள் ரொம்ப நாள் இருக்காது, மேலே மேலே பதிந்து அழிந்துவிடும். புளோக் என்றால் நகர மன்றத்திடமும், கொண்டோ (தனியார் அடுக்குமாடி) என்றால் நிர்வாக அலுவலகத்திடமும் தேதியையும் நேரத்தையும் எழுத்தில் கொடுத்து, பதிவை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். உங்கள் கையில் தராவிட்டாலும் விசாரிப்பவர்கள் கேட்டு வாங்குவார்கள். பொம்மியின் மருத்துவரிடம் பில் மட்டும் வாங்கி வராதீர்கள். எங்கெங்கே காயம், எவ்வளவு ஆழம், கடிதான் காரணமா என்று ஓர் அறிக்கை எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்டால்தான் நாங்கள் எழுதுவோம், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பணத்துக்கு வருவோம். வாடிக்கையாளர்களிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் அவர்கள் முகம் வாடும்: சட்டத்தின் கண்ணில் பொம்மி ஒரு பொருள். சோபா, சைக்கிள் மாதிரி. கேட்கக் கசப்பாக இருக்கும், ஆனால் உங்கள் பணத்துக்கு வழி திறப்பதே இந்த விதிதான். பிறரால் நம் பொருளுக்குச் சேதம் வந்தால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கேட்கலாம். இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் வைக்க அனுமதியில்லை, அவரும் வைக்க முடியாது. 5,000 வெள்ளிக்கு உட்பட்ட தொகைக்குத் தனிநபர் கட்டும் கட்டணம் 10 வெள்ளிதான். அம்மாவின் மருத்துவச் செலவை அங்கே சேர்க்க முடியாது. உடற்காயத்துக்கான இழப்பீடு வேறு நீதிமன்ற வேலை.

அங்கே போவதற்கு முன் அவருக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். மின்னஞ்சல் போதும். நடந்தது, செலவு, பில் நகல்கள், பதினான்கு நாள் அவகாசம், அவ்வளவுதான். இனியும் வரப்போகும் தையல் பிரிப்பு, மறுபரிசோதனைச் செலவையும் குறிப்பிட்டுவிடுங்கள். பக்கத்து புளோக்காரர் என்பதால் சமூக சமரச நிலையத்தையும் யோசிக்கலாம். மின்தூக்கியிலும் கடையிலும் தினம் முகம் பார்க்க வேண்டிய ஆள் அல்லவா? மூன்றாவது மனிதர் ஒருவர் நடுவில் உட்கார்ந்தால், 300 என்றவர் பாதிக்கு மேல் வருவதைக் கண்டிருக்கிறேன். அண்டைவீட்டுத் தகராறுகளுக்கென்று தனியாக ஒரு நடுவர் மன்றம் 2015 முதல் இருக்கிறது. ஆனால் அது ஓயாத குரைப்பு, நாற்றம், வாசலில் மூத்திரம் போன்ற தொல்லைகளுக்கானது. ஒரு தடவை நடந்த கடிக்கு அது சரியான இடமில்லை.

அந்த 300 வெள்ளியைப் பேநௌ பணப் பரிமாற்றத்தில் திடீரென்று போட்டுவிட்டால்? “பெற்றுக்கொண்டேன், இது மொத்தச் செலவில் ஒரு பகுதி, மீதி 2,050” என்று உடனே செய்தி அனுப்புங்கள். ‘இத்துடன் கணக்கு முடிந்தது’ என்று எழுதிய எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அதேபோல் “பணம் தராவிட்டால் புகார் செய்வேன்” என்றும் எழுதவே கூடாது. புகார் ஒரு காரியம், பணம் ஒரு காரியம். இரண்டையும் முடிச்சுப் போட்டால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் மிரட்டியவர் நீங்கள் என்றாகிவிடும். அவருடைய நாய் கழக வீட்டில் வளர்க்க அனுமதியுள்ள அளவுதானா என்ற சந்தேகத்தையும் பேரத்துக்கு இழுக்காதீர்கள். கலப்பின நாய்களை வளர்க்கும் திட்டத்தில் 55 சென்டிமீட்டர் உயரம் வரை அனுமதி உண்டு. பெரிதாகத் தெரிவதெல்லாம் விதிமீறல் அல்ல.

தனி வீடுகளில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கடித்தது ராட்வைலர், டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்ட், பிட்புல், அகிடா போன்ற இனமாகவோ அவற்றின் கலப்பாகவோ இருந்தால், வெளியே வரும்போது கயிற்றோடு வாய்ப்பூட்டும் கட்டாயம். குறைந்தது 100,000 வெள்ளிக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதியும் எடுத்திருக்க வேண்டும். எந்தக் காப்புறுதி என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

முகநூலில் போடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் தம்பி தங்கை யாராவது டிக்டாக்கில் ஏற்றத் துடித்துக்கொண்டிருப்பார்கள். பொம்மியின் படத்தைப் போட்டுச் சாட்சி தேடுங்கள், தவறில்லை. அவர் முகத்தையும் வீட்டு எண்ணையும் போட்டு ஊரைத் திரட்டினால், 2020 முதல் அது துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின்கீழ் குற்றமாகலாம். கடிபட்டவரே விசாரணைக்குப் போவது எவ்வளவு கொடுமை!

அந்த நாயைக் கொன்றுவிடுவார்களா? உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஒரு புகார் போனவுடன் நாயைத் தூக்கிக்கொண்டு போய்விடுவதில்லை. விசாரிப்பார்கள். எச்சரிக்கையோ அபராதமோ வரலாம், வெளியே வரும்போது வாய்ப்பூட்டு, பயிற்சி என்று நிபந்தனை வரலாம். புகாரே இல்லாவிட்டால், அடுத்த முறை அது ஒரு குழந்தையைக் கடிக்கும்போதும் ‘முதல் தடவைதான்’ என்றே பேச்சு இருக்கும். ‘இது கடிக்கும் நாய்’ என்று உரிமையாளருக்கு முன்பே தெரியுமா என்பது வழக்கில் ரொம்ப முக்கியம். அதற்குப் பதிவு ஒன்று வேண்டும்.

நான் அந்தப் பக்கத்திலும் நின்றிருக்கிறேன். பல வருடம் முன்பு, மின்தூக்கிக் கதவு திறந்த நொடியில் என் நாய் என் கையிலிருந்து நழுவிப்போய், எதிரே நின்ற பூடில் ஒன்றின் காதைக் கிழித்துவிட்டது. என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா? “இவன் இப்படிச் செய்ததே இல்லையே.” இருபது வருட மருத்துவன் சொன்ன சாக்கு அது. பூடில்காரம்மா பதிலே பேசவில்லை. மறுநாள் அவர்கள் வழக்கமாகப் போகும் மருத்துவரிடமே போய் பில்லைக் கட்டினேன். அப்புறம் கூடை மாதிரியான வாய்ப்பூட்டு ஒன்று வாங்கி, உள்ளே தயிர் தடவிக் காட்டிக் காட்டி மூன்று வாரத்தில் பழக்கினேன். அதைப் போட்டுக்கொண்டே நாய் வாய் திறந்து மூச்சு வாங்கலாம், தண்ணீர் குடிக்கலாம். நம் ஊர் வெயிலில் வாயை இறுக்கிக் கட்டும் துணிப் பட்டை ஆகாது. உங்கள் பக்கத்து புளோக்காரர் மனம் மாறினால் இதையும் அவரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக, அம்மாவுக்கு. கவ்விய நாயின் வாய்க்குள் கையை விடவே கூடாது. கடிபட்ட நாயை இழுக்கவும் கூடாது, இழுத்தால் கிழியும். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் கவ்விய நாயின் பின்னங்கால் இரண்டையும் தள்ளுவண்டி மாதிரி தூக்கிப் பிடிக்க வேண்டும். வாய் தளர்ந்தவுடன் பின்னோக்கி இழுத்துப் போக வேண்டும். அம்மா தனியாக இருந்தால் அதை முயல வேண்டாம். ஒரு நாய் பாய்ந்து வரும்போது அதன் முகத்துக்கு நேரே குடையைச் சட்டென்று விரித்தால் பல நாய்கள் தடுமாறி நிற்கும். பொம்மியைப் பின்னால் தள்ளிக்கொண்டு குடைக்குப் பின்னால் நகர அந்த நொடி போதும். பொத்தான் அழுத்தினால் விரியும் குடையாக ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஆனால் தையல் பிரித்த பிறகு, வீட்டுக்குள்ளேயே நாலைந்து நாள் அதைத் திறந்து மூடி, ஒவ்வொரு முறையும் பொம்மிக்கு ஒரு துண்டுக் கோழி கொடுத்துப் பழக்குங்கள். இல்லாவிட்டால் குடை விரிந்த சத்தத்துக்கு முதலில் ஓடுவது அவளாகத்தான் இருக்கும்.