ஏழாவது குழியில் ஓட்டை விழுந்தது ஏன்?

கேள்வி: வீட்டில் சும்மா கிடந்த ஒரு அங்குலப் பலாப் பலகையில் பல்லாங்குழி செய்யலாம் என்று ரௌட்டர் (மரத்தில் குழி குடையும் கை மெஷின்) வாங்கினேன். கைடு புஷ் (வெட்டும் பிட்டைச் சுற்றி நின்று, அச்சின் ஓரத்தில் உரசி ஓடும் வளையம்) மாட்டி, பிளைவுட் டெம்ப்ளேட் (ஓட்டை போட்ட அச்சு) வைத்து, ஆழத்தை 15 மி.மீ.க்கு நிறுத்தித்தான் ஆரம்பித்தேன். குழிக்குக் குழி ஆழம் கூடி, ஏழாவது குழி பலகையையே துளைத்துவிட்டது. டெம்ப்ளேட் ஓட்டை 50 மி.மீ., ஆனால் குழி 39தான் வருகிறது. மெஷின் கோளாறா?
- வாசகி, காரைக்குடி

பதில்: மெஷினைத் திட்டாதீர்கள். பிட்டின் தண்டை வெர்னியரில் அளந்து பாருங்கள், 12 மி.மீ. என்று காட்டும் என்பது என் ஊகம். உங்கள் காலெட் (மெஷினில் தண்டைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) அரை அங்குலமாக, அதாவது 12.7 ஆக இருக்கும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால் கடைக்காரரும் கவனிக்காமல் கொடுத்துவிடுவார். ஸ்பானர் போட்டு எவ்வளவு இறுக்கினாலும் அந்தக் காலெட் இந்தத் தண்டை முழுசாகப் பிடிக்காது, ஓட ஓட பிட் கீழே நழுவிக்கொண்டே வரும். நானும் ஒரு தட்டை இப்படித்தான் பாழாக்கினேன். பலகை போனால் போகட்டும், பிட் கழன்று பறந்திருந்தால்? 12 மி.மீ. காலெட் தனியாகக் கிடைக்கும், அதை வாங்கும்வரை மெஷினைத் தொடாதீர்கள். அளவு சரியாக இருந்தும் நழுவுகிறது என்றால், தண்டை அடிவரை இடித்து மாட்டியிருப்பீர்கள். 2, 3 மி.மீ. வெளியே இழுத்துவிட்டு இறுக்க வேண்டும். காலெட்டுக்குள் தூளோ பிசினோ இருந்தால் துடைத்துவிடுங்கள்.

அகலக் கணக்கு சுலபம். புஷ்ஷின் வெளி விட்டத்தில் பிட்டின் விட்டத்தைக் கழித்தால் எவ்வளவோ, அந்த அளவு குழி சிறுக்கும். உங்கள் புஷ் 30, பிட் 19 என்று வைத்துக்கொண்டால் 11 போய்விடும், 50-க்கு 39 வந்தது அதனால்தான். 60 மி.மீ. ஹோல் சா (வட்ட ஓட்டை வெட்டும் ரம்பம்) வாங்கி டெம்ப்ளேட்டை வெட்டினால் குழி 49 வரும், சோழிக்கு அது தாராளம். ஆனால் குழிகளுக்கு நடுவே ஒரு சென்டிமீட்டர்தான் இடம் என்றால் ஏழு ஓட்டையையும் ஒரே டெம்ப்ளேட்டில் போட முடியாது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒரே ஓட்டை போட்டு, அதன் நான்கு பக்கமும் நடுக்கோடு இழுத்து, பலகையில் போட்ட பென்சில் கோட்டோடு சேர்த்து, டபுள் சைடு டேப்பில் ஒட்டி ஒட்டி நகர்த்துங்கள். 14 தடவை ஒட்டிப் பிரிப்பது எரிச்சல்தான், வேறு வழியில்லை.

அப்புறம், 15 மி.மீ.யையும் ஒரே மூச்சில் இறக்க வேண்டாம். தடவைக்கு 3 மி.மீ. போதும். ஓட்டைக்குள் கடிகாரம் சுற்றும் பக்கமாகவே ரௌட்டரை நகர்த்துங்கள். நடுவில் நின்றுவிட்டால் அந்த இடத்தில் மரம் கருகும்.

அந்தப் பலகையை எறிந்துவிடாதீர்கள். ஏற்கெனவே எடுத்த குழிகளைப் புது டெம்ப்ளேட்டில் அதே மையத்தில் விரித்துக்கொள்ளலாம். அடியில் 6 மி.மீ. பிளைவுட் ஒட்டினால் ஏழாவது குழியிலும் சோழி நிற்கும்.