கேள்வி பதில்: ஓஎல்இடியா, கியூஎல்இடியா?

கேள்வி: பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த எங்கள் 32 அங்குலத் தொலைக்காட்சி சென்ற மாதம் நின்றுவிட்டது. 55 அங்குலத்தில் புதியது வாங்கலாம் என்று கடைக்குப் போனால் கியூஎல்இடி, ஓஎல்இடி, மினி எல்இடி என்று மூன்று பெயர்களைச் சொல்கிறார்கள். ‘ஓஎல்இடியும் கியூஎல்இடியும் ஏறக்குறைய ஒன்றுதான்’ என்கிறார் விற்பனையாளர். எங்கள் கூடத்தில் மேற்கு ஜன்னல் வழியாக மாலை வெயில் நன்றாக விழும். பகல் முழுவதும் என் கணவர் செய்திச் சேனல் பார்ப்பார்; இரவில் பிள்ளைகள் படம் பார்ப்பார்கள். எதை வாங்குவது?
– வாசகி, மதுரை

பதில்: விற்பனையாளர் சொன்னதை முதலில் மறந்துவிடுங்கள். பெயரில் ஓர் எழுத்துதான் வேறுபாடு என்றாலும், ஒளி எங்கிருந்து வருகிறது என்பதில் இவ்விரண்டுக்கும் உறவே இல்லை.

கியூஎல்இடி என்பது நீங்கள் இதுவரை வைத்திருந்த எல்சிடியின் வழிவந்ததே. பின்னால் எல்இடி விளக்குகள் எரிந்துகொண்டிருக்க, முன்னால் உள்ள திரவப் படிகங்கள் ஜன்னல் கதவுகளைப் போலத் திறந்தும் மூடியும் அந்த ஒளியை அளந்து விடுகின்றன. இடையில் குவாண்டம் புள்ளிகள் எனப்படும், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணிய துகள்கள் பதித்த ஒரு படலம் இருக்கிறது. நீல விளக்கின் ஒளியில் ஒரு பகுதியை அது தூய சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றுவதால் வண்ணங்கள் செழிப்பாகத் தெரிகின்றன. இது வெறும் விளம்பரச் சொல் அன்று. குவாண்டம் புள்ளிகளுக்காக 2023ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசே வழங்கப்பட்டது. ஆனால் கதவை எவ்வளவு இறுக மூடினாலும் கொஞ்சம் ஒளி கசியும். அதனால்தான் விளக்கை அணைத்துவிட்டு இரவுக் காட்சி ஒன்றைப் பார்க்கும்போது கருப்பு, சாம்பல் பூத்ததுபோல் தோன்றுகிறது.

ஓஎல்இடியில் பின்விளக்கே கிடையாது. 4கே திரையில் இருக்கும் ஏறத்தாழ 83 லட்சம் படப் புள்ளிகளும் (பிக்சல்) தாமே ஒளிர்கின்றன; கருப்பு வேண்டிய இடத்தில் புள்ளி அணைந்துவிடுகிறது. இருட்டறையில் படம் பார்ப்பவருக்கு இதற்கு ஈடு இல்லை என்றே சொல்வேன். பக்கவாட்டில் அமர்ந்து பார்த்தாலும் வண்ணம் அவ்வளவாக மாறாது.

அப்படியிருந்தும் உங்கள் வீட்டுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணம் உங்கள் கணவரின் செய்திச் சேனல். ஓஎல்இடியில் ஒளிரும் பொருள் கரிமப் பொருள். ஒளிர ஒளிர அது தேயும். மூலையில் அசையாமல் நிற்கும் சேனல் சின்னமும், கீழே ‘முக்கியச் செய்தி’ என்று விடாமல் நிற்கும் சிவப்புப் பட்டையும் நாள்தோறும் பல மணி நேரம் ஒரே இடத்தில் இருந்தால், அந்த இடத்துப் புள்ளிகள் மற்றவற்றைவிட வேறு அளவில் தேய்ந்து, எந்தப் படத்தைப் போட்டாலும் மங்கிய தழும்புபோல் தெரியத் தொடங்கும். பர்ன்-இன் என்று சொல்வது இதைத்தான். படத்தைச் சிறிது சிறிதாக நகர்த்துவது போன்ற தற்காப்புகள் இப்போதைய தொலைக்காட்சிகளில் இருக்கின்றன. அவை தேய்மானத்தைத் தள்ளிப்போடுமே தவிர, முற்றிலும் தடுத்துவிடாது. மேலும், திரை முழுவதும் வெளிச்சமான காட்சி வரும்போது ஓஎல்இடி தன் பிரகாசத்தைக் குறைத்துக்கொள்ளும் இயல்புடையது. மேற்கு வெயில் விழும் கூடத்தில் அது ஒரு குறைதான்.

உங்களுக்குப் பொருந்துவது குவாண்டம் புள்ளிப் படலமும் சேர்ந்த மினி எல்இடி. இதுவும் எல்சிடிதான், ஆனால் பின்விளக்கு மிகச் சிறிய பல விளக்குகளாகி, தனித்தனியே மங்கக்கூடிய மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இருண்ட பகுதிக்குப் பின்னுள்ள மண்டலம் மங்குவதால் கருப்பு நன்றாக ஆழ்ந்துபோகும். இருட்டில் வெள்ளை எழுத்து வந்தால் அதைச் சுற்றி லேசான ஒளிவட்டம் தெரியலாம். மண்டலங்கள் குறைவாக இருந்தால் அது கண்ணை உறுத்தும். எனவே எத்தனை மண்டலங்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த மாடலுக்குப் போய்விடலாம். ஓரத்தில் மட்டும் விளக்கு வைத்த மலிவான கியூஎல்இடிகளும் அதே பெயரில்தான் விற்கப்படுகின்றன என்பதை நினைவில் வையுங்கள்.

கடையில் ஓடும் விளம்பரப் படத்தின் கிளிகளும் பழங்களும் எந்தத் திரையிலும் அழகாகத்தான் இருக்கும். அதை நிறுத்தச் சொல்லி, நீங்கள் பார்க்கும் சேனலையே போடச் சொல்லுங்கள். படத்தின் அமைப்பையும் ‘விவிட்’டிலிருந்து ‘சினிமா’வுக்கு மாற்றச் சொல்லுங்கள். பிறகு ஓரமாக நின்று பாருங்கள். சில எல்சிடி பேனல்களில் வண்ணம் அங்கே வெளுத்துவிடும். கூடத்தில் எல்லோருக்கும் நேர் எதிர் இருக்கை கிடைப்பதில்லையே. 55 அங்குலத்துக்கு ஏழெட்டு அடி தூரம் சரியாக இருக்கும்.

கேள்வி: எங்கள் புதிய தொலைக்காட்சியின் பெட்டியில் ‘எச்டிஆர்’ என்று போட்டிருக்கிறது. ஆனால் எச்டிஆர் படம் போட்டால் சாதாரணப் படத்தைவிட இருட்டாகத் தெரிகிறது. பழுதா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பெரும்பாலும் பழுதாக இருக்காது. எச்டிஆர் என்பது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூடுதலாகக் காட்டும் பட வடிவம். அந்த முத்திரைக்குப் பொருள், எச்டிஆர் சமிக்ஞையைத் தொலைக்காட்சி ஏற்கும் என்பதே. அதற்கேற்ற பிரகாசம் திரைக்கு உண்டு என்பது அன்று. இத்தகைய படங்களில் பலவும் 1000 நிட் (திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு) உச்ச வெளிச்சத்தை மனத்தில் வைத்துத் தயாரிக்கப்படுகின்றன. 300 நிட் அளவே தரும் திரை அந்த வெளிச்சத்தை எல்லாம் தனக்குள் அடக்கப் பார்க்கும்போது மொத்தப் படமும் மங்குகிறது. எச்டிஆர் படம் ஓடும்போதே அமைப்புகளுக்குள் போய்ப் பின்விளக்கை முழுமையாக உயர்த்திப் பாருங்கள். அப்போதும் இருட்டாக இருந்தால், படத்தைத் தரும் கருவியில் எச்டிஆரை நிறுத்திவிட்டுச் சாதாரண வடிவிலேயே பாருங்கள். அந்தத் திரையில் அதுவே தெளிவாக இருக்கும்.