ரிட்டர்ன் டிக்கெட் தேதியை மாற்ற எவ்வளவு கேட்பார்கள்? கேள்வி பதில்

எழும்பூரில் பல காலம் விமான டிக்கெட் போட்டுக் கொடுத்தவள் என்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் வருகின்றன. தெரிந்தவரை சொல்கிறேன்.

மகளின் பிரசவத்துக்காக டல்லாஸ் வந்திருக்கிறோம். நவம்பரில் சென்னைக்கு ரிட்டர்ன். டிசம்பர் 18க்கு மாற்றக் கேட்டால் ஏறக்குறைய 48 ஆயிரம் என்கிறார்கள். டிக்கெட்டில் மாற்றக் கட்டணம் 9 ஆயிரம் என்றுதான் இருக்கிறது. ஏமாற்றுகிறார்களா மேடம்? (அண்ணா நகர்)

ஏமாற்று இல்லை சார். அந்த 9 ஆயிரம் அபராதம் மாதிரி. மீதி 39 ஆயிரம் கட்டண வித்தியாசம். எகானமி என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குள்ளேயே பல புக்கிங் கிளாஸ் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுத்து. நீங்கள் வாங்கிய எழுத்தில் புதிய தேதிக்கு இடம் இல்லையென்றால் அடுத்த விலைக்குப் போக வேண்டியதுதான். டிசம்பர் நடுவில் அமெரிக்காவிலிருந்து பாதி ஊர் சென்னைக்குக் கிளம்புகிறது. தீபாவளிக்கு ஆம்னி பஸ் விலை ஏறுவதைப் பார்த்திருப்பீர்களே, அதே கணக்கு.

அதனால் தேதியைச் சொல்லி "எவ்வளவு" என்று கேட்காதீர்கள். "என் கிளாஸில் எந்தெந்த நாளில் இடம் இருக்கிறது" என்று கேளுங்கள். டிசம்பர் முதல் வாரமோ பொங்கலுக்கு அப்புறமோ கிடைத்தால் வித்தியாசம் பெரும்பாலும் நன்றாகக் குறையும்.

பணம் கட்டுமுன் இரண்டு விஷயம் பாருங்கள். ஐ-94இல், அதாவது அமெரிக்காவில் நுழையும்போது தரும் வருகைப் பதிவில், போட்டிருக்கும் கடைசி தேதி முதலாவது. பாஸ்போர்ட்டில் உள்ள விசா 10 வருடம் என்றாலும், தங்க அனுமதி அந்த ஐ-94 தேதி வரைதான். இரண்டாவது, உங்கள் டிக்கெட்டின் அதிகபட்சத் தங்கல். சில மலிவு டிக்கெட்டுகளில் மூன்று மாதம், ஆறு மாதம் என்று எல்லை இருக்கும். இன்ஷூரன்ஸையும் நீட்டுங்கள், அதை எல்லோரும் மறக்கிறார்கள்.

டெல்லி போய்த் திரும்பும் டிக்கெட். திரும்பும் தேதியை மாற்ற ஆகும் செலவைவிடப் புது டிக்கெட் மலிவு. பழையதை அப்படியே விட்டுவிடலாமா அக்கா? (வேளச்சேரி)

புதிதாக வாங்குங்கள், ஆனால் பழையதை அப்படியே விடாதீர்கள். விமானம் கிளம்புமுன் அந்த ஒரு பயணத்தை மட்டும் கேன்சல் செய்யுங்கள். விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதிப்படி கேன்சல் கட்டணம் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் சர்சார்ஜும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. அரசு வரிகளும் விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணமும் உங்களுக்குத் திரும்ப வர வேண்டியவை. நோ ஷோ, அதாவது கேன்சல் செய்யாமலே விமானத்துக்குப் போகாமல் விட்டுவிட்டால்கூட அவற்றைக் கேட்கலாம், நிறைய பேர் கேட்பதில்லை.

இந்த வித்தை ரிட்டர்னுக்கு மட்டும். போகும் பயணத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டால் பல நிறுவனங்கள் திரும்பும் டிக்கெட்டையும் தானாக ரத்து செய்துவிடும்.

ஏஜென்டிடம் வாங்கினேன். விமான நிறுவனம் ஏஜென்டைக் கேள் என்கிறது, ஏஜென்ட் அவர்களைக் கேளுங்கள் என்கிறார். (பெரம்பூர்)

பயணம் தொடங்கும்வரை பொதுவாக ஏஜென்ட்தான் மாற்ற வேண்டும், அவர் தன் சர்வீஸ் சார்ஜையும் சேர்ப்பார். முதல் பயணம் முடிந்த பிறகு பல நிறுவனங்கள் நேரடியாகவே மாற்றித் தரும். அப்போதும் மறுத்தால் சூப்பர்வைசரைக் கேளுங்கள்.

அதைவிட முக்கியம் ஒன்று. பிஎன்ஆரில் (உங்கள் முன்பதிவுப் பதிவு) புதிய தேதி தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். இடம் மாறியிருக்கும், டிக்கெட் மாறியிருக்காது. டிக்கெட்டை அவர்கள் மறுபடி வெளியிட்டு (ரீஇஷ்யூ), புதிய இ-டிக்கெட் வர வேண்டும். அந்த 13 இலக்க எண்ணைக் கேட்டு வாங்கி, நிறுவனத்துக்கு போன் போட்டு "ரீஇஷ்யூ ஆகிவிட்டதா" என்று உறுதி செய்யுங்கள். மீனம்பாக்கம் செக்-இன் கவுண்டரில் நின்று தகராறு செய்பவர்களில் பலர் இதில் கோட்டை விட்டவர்கள்தான்.

விமான நேரத்தை அவர்களே நான்கு மணி நேரம் தள்ளிவிட்டார்கள். நானும் இரண்டு நாள் தள்ளிப் போக நினைத்திருந்தேன். (தாம்பரம்)

அதிர்ஷ்டம்! மெயிலில் உள்ள "ஏற்கிறேன்" பட்டனை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். நேரத்தை அவர்கள் மாற்றினால், பக்கத்து தேதிக்குக் கட்டணமில்லாமல் ஒருமுறை மாற்றிக்கொள்ளப் பல நிறுவனங்கள் விடும். போன் செய்து கேளுங்கள். அழுத்திவிட்டால் அந்த உரிமை பெரும்பாலும் போய்விடும். அமெரிக்கா போகும், வரும் விமானங்களுக்கு அந்நாட்டு விதி இன்னும் தெளிவு: சர்வதேசப் பயணம் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ மாறி, நீங்கள் ஏற்க மறுத்தால் முழுப் பணமும் திரும்ப வேண்டும்.

அமெரிக்க நிறுவனங்களில் மாற்றக் கட்டணமே கிடையாதாமே? (போரூர்)

2020இல் பெரிய நிறுவனங்கள் அதை நீக்கியது உண்மைதான். ஆனால் அது முக்கியமாக அமெரிக்காவில் தொடங்கும் டிக்கெட்டுகளுக்கு, அதிலும் பேசிக் எகானமி என்ற மிக மலிவு வகையை ஒதுக்கிவிட்டு. சென்னையில் தொடங்கும் டிக்கெட்டுக்குத் தனி விதி இருக்கலாம், படித்துப் பாருங்கள். கட்டண வித்தியாசம் எங்கும் போகவில்லை.

அப்பா ஆஸ்பத்திரியில். சலுகை கிடைக்குமா? (மயிலாப்பூர்)

சீக்கிரம் குணமாகட்டும். விமானம் கிளம்புமுன் சொல்லிவிடுங்கள், டாக்டர் கடிதத்தை அனுப்புங்கள். மாற்றக் கட்டணத்தைச் சில நிறுவனங்கள் விட்டுக்கொடுக்கும். வித்தியாசத்தை விட்டுக்கொடுப்பது அபூர்வம்.

கேன்சல் செய்தேன். பணத்துக்குப் பதில் கிரெடிட் ஷெல்லில் (அடுத்த டிக்கெட்டுக்குக் கழித்துக்கொள்ளும் வரவு) போட்டுவிட்டார்கள். (குரோம்பேட்டை)

இந்திய நிறுவனம் என்றால், கிரெடிட் ஷெல் வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம், அவர்களாகப் போடக் கூடாது என்கிறது டிஜிசிஏ. ஏஜென்ட் வழியாக வாங்கியிருந்தாலும் திருப்பித் தரும் பொறுப்பு நிறுவனத்துடையது. முதலில் எழுத்தில் கேளுங்கள். அசையவில்லை என்றால் விமானப் பயணிகளுக்கான அரசின் புகார் தளமான ஏர்சேவாவில் புகார் போடுங்கள், அப்புறம் நுகர்வோர் உதவி எண் 1915. வெளிநாட்டு நிறுவனம் என்றால் அவர்கள் நாட்டு விதிப்படிதான் பணம் திரும்பும், எந்த நிறுவனம் என்று எழுதுங்கள், பார்க்கலாம்.