ஆப்பிரிக்காவில் கிரிப்டோ வகுப்பும் நிதியும்: கேள்வி பதில்

ஆப்பிரிக்க நாடுகளிலும் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையிலும் கிரிப்டோ கற்றுக்கொடுப்பது, அதற்கு நிதி கிடைக்கும் வழி: இவற்றைப் பற்றிக் கேளுங்கள். விலை ஏறுமா என்று கேட்பவர்கள் ஜோசியரைப் பார்க்கவும்.

கே: நைரோபியில் தொண்டு நிறுவனத்தில் வேலை. இருபது இளைஞர்களுக்கு பிட்காயின் வகுப்பு நடத்தச் சொல்கிறார்கள். எதிலிருந்து தொடங்கலாம் சார்?

ப: பிளாக்செயின் (பிட்காயின் கணக்கு பதிவாகும் பொதுப் பேரேடு) வரலாற்றிலிருந்து வேண்டாம், இரண்டாம் வாரமே பாதிப் பேர் வரமாட்டார்கள். முதல் நாளே ஆளுக்கொரு வாலட் (பிட்காயினை வைத்து அனுப்பும் போன் செயலி), தாள், பேனா. வாலட்டைத் திரும்பப் பெற அது தரும் 12 மீட்புச் சொற்களையும் வரிசை எண் போட்டு எழுதட்டும். வாலட் காட்டும் முகவரியின் கடைசி ஆறு எழுத்துகளையும் குறித்துக்கொள்ளட்டும். பிறகு செயலியை அழித்துவிட்டு, தாளைப் பார்த்து மீட்கட்டும். அதே ஆறு எழுத்து வந்தால் தேர்ச்சி. இந்தப் பயிற்சிக்குப் பணமே போட வேண்டாம்.

எங்கே சறுக்கும்? சொற்கள் எல்லாம் 2,048 சொற்கள் உள்ள ஒரே பட்டியலிலிருந்து வருபவை. முதல் நான்கு எழுத்து தெளிவாக இருந்தாலே சொல் எதுவென்று தெரிந்துவிடும். கிறுக்கல் கையெழுத்துதான் எதிரி. பட்டியலில் உள்ள வேறொரு சொல்லை மாற்றி எழுதிவிட்டால் வாலட் பெரும்பாலும் மறுத்துவிடும். ஆனால் ஏறக்குறைய 16-ல் ஒரு தடவை ஏற்றுக்கொண்டு, யாருடையதும் அல்லாத காலி வாலட் ஒன்றைத் திறக்கும். பார்ப்பவருக்குத் திருட்டு போனதுபோலவே இருக்கும். போனில் படம் பிடிக்க விடாதீர்கள். படம் தானாகக் கிளவுடுக்குப் போய்விடும்.

அனுப்பி வாங்கும் பயிற்சிக்கு ஆளுக்கு 1,000 சடோஷி போதும் (ஒரு பிட்காயின் 10 கோடி சடோஷி). அதை லைட்னிங் (சிறு தொகையைக் குறைந்த கட்டணத்தில் அனுப்பும் பிட்காயின் முறை) வழியாகத்தான் அனுப்ப வேண்டும். சாவியை (பணத்தைச் செலவழிக்கத் தேவையான ரகசிய எண்) நம்மிடமே தரும் லைட்னிங் வாலட்டில் முதல் தொகை வரும்போது சேனல், அதாவது பணம் போகும் பாதை, திறக்கும் கட்டணம் பிடிப்பார்கள், 1,000 அதிலேயே கரைந்துவிடும். அதனால் இந்த ஒரு பயிற்சிக்கு மட்டும், சாவியை நிறுவனமே வைத்திருக்கும் வாலட் பரவாயில்லை. "இது உங்கள் பணம் அல்ல, அவர்கள் தரவேண்டிய பாக்கி" என்று பலகையில் எழுதிவிட்டு நடத்துங்கள்.

டேட்டா செலவைப் பட்ஜெட்டில் சேர்க்க மறக்காதீர்கள். 2022-ல் ராப் பாடகர் ஜே-ஸீயும் ட்விட்டரைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜாக் டோர்சியும் நியூயார்க், புரூக்ளினின் மார்சி குடியிருப்பில் பிட்காயின் அகாடமி தொடங்கியபோது, வகுப்பு இலவசம் என்பதோடு நிற்காமல் இணையக் கருவி, ஓராண்டு டேட்டா, தேவைப்பட்டவர்களுக்குப் போன் என்று ஏற்பாடு செய்தார்கள். வருகை நிலைப்பது இதில்தான்.

கே: பிடிரஸ்ட் என்ற நிதியில் 500 பிட்காயின் இருக்கிறதாமே? எங்கள் வகுப்புக்குக் கேட்கலாமா?

ப: 2021 பிப்ரவரியில் அதே இருவர் அறிவித்த நிதி அது. ஆப்பிரிக்காவும் இந்தியாவும் முதல் இலக்கு. ஆனால் அது திறந்தமூல (நிரலை யாரும் பார்த்துப் பயன்படுத்தக்கூடிய) மென்பொருள் எழுதுபவர்களுக்கானது, பொதுமக்கள் வகுப்புக்கு அங்கே போய் நிற்காதீர்கள். உங்கள் மாணவர்களில் நிரல் எழுதுபவர் இருந்தால் கதை வேறு. 2023-ல் குவாலா என்ற பயிற்சித் திட்டத்தைச் சேர்த்துக்கொண்டு பிடிரஸ்ட் பில்டர்ஸ் என்று நடத்துகிறார்கள். விண்ணப்பத்துக்கு முன் செய்ய வேண்டியது: பிட்காயின் தொடர்பான ஒரே திட்டத்தைப் பிடித்துக்கொண்டு, சோதனை எழுதுவது, பிறர் மாற்றங்களை ஓட்டிப் பார்த்துக் கருத்துச் சொல்வது. பத்துத் திட்டங்களில் எழுத்துப்பிழை திருத்தியவரைவிட இவருக்கு மதிப்பு அதிகம். இந்தியர்களும் இதே வழியில் போகலாம்.

கே: தினம் 1 சதவீதம் தருகிறார்கள், லாகோஸ் நண்பர் ஏற்கனவே எடுத்துவிட்டார்...

ப: மோசடி. நண்பர் எடுத்தது அடுத்து வந்தவர் போட்ட பணம். தென்னாப்பிரிக்காவின் மிரர் டிரேடிங் இன்டர்நேஷனல் 29,000-க்கும் மேற்பட்ட பிட்காயினை வாரிக்கொண்டு 2020 கடைசியில் கவிழ்ந்தது. நைஜீரியாவில் சிபெக்ஸ் என்ற இதே மாதிரித் திட்டம் 2025 ஏப்ரலில் கவிழ்ந்தது.

கே: லாகோஸில் யூஎஸ்டிடி (டாலர் மதிப்பை ஒட்டிய கிரிப்டோ) விற்றேன், வங்கிக் கணக்கை முடக்கிவிட்டார்கள். கிரிப்டோவுக்குத் தடையா?

ப: 2021 பிப்ரவரியில் நைஜீரிய மத்திய வங்கி மற்ற வங்கிகளுக்குப் போட்ட கிரிப்டோ தடை 2023 டிசம்பரில் தளர்ந்தது. உங்கள் சிக்கல் பெரும்பாலும் அது அல்ல. வாங்கியவர் வேறொருவர் கணக்கிலிருந்து பணம் போட்டிருப்பார், அது திருட்டுப் பணமாக இருந்தால் சங்கிலியில் உங்கள் கணக்கும் மாட்டும். விற்பனைச் செயலியில் உள்ள வாங்குபவர் பெயரும் பணம் வந்த கணக்கின் பெயரும் ஒன்றாக இல்லையென்றால், செயலி பிடித்துவைத்திருக்கும் காயினை விடுவிக்காதீர்கள். எஸ்எம்எஸ்ஸையும் ஸ்கிரீன்ஷாட்டையும் நம்பாதீர்கள், வங்கிச் செயலியைத் திறந்து இருப்பைப் பாருங்கள். பேச்சை வாட்ஸ்அப்புக்கு இழுத்தால் விலகிவிடுங்கள். இப்போதைக்கு அந்த விற்பனையின் முழுப் பதிவோடு வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள்.

கே: ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்கு?

ப: கோதாட்சோ இங்காகோ உருவாக்கிய மச்சன்குரா என்ற பிட்காயின் சேவை. சாதாரணப் போனில் நட்சத்திரக் குறி போட்டு அழுத்துகிற யூஎஸ்எஸ்டி முறை. சாவி சேவையிடம் இருக்கும், கணக்கு போன் எண்ணோடு கட்டப்பட்டிருக்கும். சிம்மைத் திருடி மாற்றுகிறவர்கள் உண்டு, ஒரு வாரச் செலவுக்கு மேல் வைக்க வேண்டாம்.

கே: வாரம் 5 சதவீதம் தரும் திட்டம் பற்றி...

ப: மேலே சொல்லிவிட்டேன். சதவீதத்தை மாற்றினால் பதில் மாறாது.

கே: ஏழைக் கறுப்பர்களிடம் சூதாட்டத்தைக் கல்வி என்று விற்கிறீர்கள். இதில் என்ன விடுதலை?

ப: பாதி சரி. அமெரிக்காவில் 1865-ல், விடுதலையான அடிமைகளுக்கென ஃபிரீட்மன்ஸ் சேமிப்பு வங்கி தொடங்கினார்கள். அரசே பொறுப்பு என்று மக்கள் நம்பினார்கள். 1870-ல் சட்டத்தைத் திருத்தி, நிலத்தை ஈடாக வைத்துக் கடன் கொடுக்க வழிசெய்தார்கள், பணம் தங்களுக்கு வேண்டப்பட்ட ஆட்களுக்குப் போனது. கடைசி நேரத்தில் புகழ்பெற்ற கறுப்பினத் தலைவர் ஃபிரெடெரிக் டக்ளஸை வங்கித் தலைவராக்கி, அவர் கைப்பணம் 10,000 டாலரையும் உள்ளே இழுத்து, 1874-ல் மூடினார்கள். 61,000-க்கும் மேற்பட்டோரின் ஏறக்குறைய 30 லட்சம் டாலர் சிக்கியது. பிரபல முகத்தைப் பார்த்துப் பணம் போடாதே என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

கே: (இன்னொருவர்) அப்படியானால் வங்கியைத்தானே குறை சொல்ல வேண்டும்! 1930-களில் அமெரிக்க அரசு அமைப்பு வரைபடத்தில் கறுப்பர் பகுதிகளைச் சிவப்பாகக் குறித்தது, அங்கே கடன் மறுத்ததும் வங்கிகள்தான். பிட்காயினில் அது நடக்காதே.

ப: சாவி உங்களிடம் இருந்தால் நடக்காது. 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ சந்தை விழுந்தபோது சாவி யாரிடம் இருந்தது? நைஜீரியாவின் நெஸ்ட்காயின் என்ற கிரிப்டோ நிறுவனமே தன் பணத்தை அங்கே மாட்டிக்கொண்டு ஆட்களைக் குறைத்தது. விவரம் தெரிந்தவர்கள் அவர்கள்.

கே: (முதலாமவர்) சாவி கையில் இருந்தாலும் விலை பாதியானால் சோறு போடுமா?

ப: போடாது. அதனால்தான் வகுப்பில் முதலீடு சொல்லிக்கொடுக்கக் கூடாது என்கிறேன். பணம் அனுப்பச் சொல்லிக்கொடுங்கள். சகாராவுக்குத் தெற்கே 200 டாலர் அனுப்பினால் சுமார் 8 சதவீதம் கட்டணமாகப் போகிறது. கிரிப்டோ வழியிலும் இரண்டு முனையிலும் மாற்றும்போது ஒரு பங்கு போகும். மாணவர்கள் இரண்டையும் தாளில் கணக்குப் போட்டு, கையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்கட்டும். சில வழித்தடங்களில் கிரிப்டோ தோற்கும், தோற்றால் தோற்றதாக எழுதச் சொல்லுங்கள். நீங்கள் இருவரும் மீதியைத் தனியே பேசிக்கொள்ளலாம்.

கே: யூஎஸ்டிடி இருக்கிறது, அனுப்ப முடியவில்லை. டிரான் நெட்வொர்க்.

ப: கட்டணத்துக்கு டிரானின் சொந்தக் காயினான டிஆர்எக்ஸ் வேண்டும். கொஞ்சம் வாங்கிப் போடுங்கள். "நான் போட்டுத் தருகிறேன், சொற்களைக் கொடு" என்று வருகிறவருக்குக் கொடுக்காதீர்கள்.

கே: கென்யாவில் வரி?

ப: அங்குள்ள கணக்காளரிடம் கேளுங்கள்.

கே: ஐயா, 12 சொற்களை எழுதிப் படம் எடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கையெழுத்து சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ப: படத்தை நீக்கிவிட்டேன். அதற்குள் யார் பார்த்தார்களோ. இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் முன் புது வாலட் திறந்து, புதுச் சொற்களைத் தாளில் எழுதி, பழையதில் இருப்பது முழுவதையும் அங்கே அனுப்புங்கள். கட்டணத்தை உயர்ந்த அளவில் வையுங்கள். பழைய வாலட்டுக்கு இனி ஒரு சடோஷிகூட வரக் கூடாது, அந்த முகவரியை யாருக்கெல்லாம் கொடுத்தீர்களோ அவர்களுக்குச் சொல்லுங்கள்.