இரண்டு நிறம், ஒரு சுவர்

கேள்வி: ஹாலுக்கு வெளிர் சாம்பலா, கிரீமா என்று ஒரு மாதமாக இழுக்கிறது. ஷேட் கார்டில் இரண்டுமே அழகாக இருக்கின்றன.

பதில்: முதலில் கார்டை மூடி வையுங்கள். விரலகலத் துண்டில் மென்மையாகத் தெரியும் நிறம், நான்கு சுவரில் ஏறினால் இன்னும் அழுத்தமாகத்தான் தெரியும். இரண்டிலும் சின்ன டப்பா வாங்கி, இரண்டடி வெள்ளை அட்டைகளில் இரண்டு கோட் அடியுங்கள். ஓரத்தில் வெள்ளை விளிம்பு இருக்கட்டும். பழைய சுவர்மேலேயே அடித்துப் பார்ப்பவர்கள்தான் அதிகம். அங்கே பழைய நிறம் கண்ணை ஏமாற்றிவிடும். பிரான்சின் கோபலின் நெசவாலையில் கறுப்பு நூல் வெளிறிக் கிடக்கிறது என்று புகார் வந்தபோது, சாயத்தில் குறையில்லை, பக்கத்து நிறங்கள்தான் காரணம் என்று கண்டுபிடித்தார் அங்கே சாயப் பிரிவைக் கவனித்த வேதியியலாளர் செவ்ரோல். 1839-லேயே அதை விளக்கி எழுதியும் விட்டார்!

அப்புறம், அட்டைகளை ஜன்னலோரம், எதிர்ச்சுவர், மூலை என்று மாற்றி மாற்றி வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் பாருங்கள். ஹாலில் நீங்கள் உட்காருவது இரவில்தான் என்றால் விளக்கொளியில் பார்த்து முடிவெடுங்கள். 2700 கெல்வின் மஞ்சள் பல்பு கிரீமை இன்னும் மஞ்சளாக்கும். 6500 கெல்வின் வெள்ளை விளக்கில் சாம்பல் நீலம் தட்டும். பல்பை மாற்றப்போகிறீர்கள் என்றால் அதை முதலில் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: இரண்டு ஆஃப் ஒயிட். எனக்கு வித்தியாசமே தெரியவில்லை.

பதில்: பளிச்சென்ற வெள்ளைத்தாளைப் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் இளஞ்சிவப்பும் மற்றதில் பச்சையும் ஒளிந்திருந்தால் உடனே வெளியே வரும். எது வேண்டும் என்பதை நீங்கள் மாற்றப்போகாத தரையும் கதவும் சொல்லும்.

கேள்வி: அறை இருட்டு. கார்டில் எல்.ஆர்.வி. 45 ஒன்று, 70 ஒன்று. 70-தானே சரி?

பதில்: எல்.ஆர்.வி. என்பது நிறம் வெளிச்சத்தைத் திருப்பித் தரும் அளவு, 0 கறுப்பு, 100 வெள்ளை. 70 நிச்சயம் உதவும். ஆனால் திருப்பித் தர வெளிச்சம் வேண்டுமே! விளக்கு போதாத அறையில் வெளிர் நிறமும் அழுக்காகத்தான் தெரியும்.

கேள்வி: அவருக்கு நீலம், எனக்குப் பச்சை. ஆளுக்கொரு சுவர் அடிக்கலாமா?

பதில்: இரண்டும் சாம்பல் கலந்த மங்கிய நிறங்கள் என்றால் ஒத்துப்போகும். ஒன்று பளீரென்றிருந்தால் வேண்டாம். அந்த அறையில் அதிக நேரம் இருப்பவர் சொல்வதைக் கேளுங்கள்.

கேள்வி: முதல் கோட் அடித்தாயிற்று. நாங்கள் தேர்ந்தெடுத்த நிறமாகவே தெரியவில்லை!

பதில்: பதற்றம் வேண்டாம். எமல்ஷன் ஈரத்தில் பெரும்பாலும் வெளிறித் தெரியும், காய்ந்தால் அழுத்தமாகும். இரண்டாவது கோட் நன்றாகக் காயட்டும், அதன்பிறகு பாருங்கள். இன்னும் ஒரு டப்பா வாங்க இப்போதே ஓடாதீர்கள்.