உழாமலே கோடைத் தீவனப் பயிர்: மானுக்கும் பறவைக்கும் விதைப்பவர்கள் கேட்டவை

காட்டு உயிர்கள் மேயட்டும் என்று ஒரு துண்டு நிலத்தை ஒதுக்கி, அதையும் உழாமல் விதைக்க நினைப்பவர்களின் கேள்விகள் இவை. எல்லாமே கோடை விதைப்பைப் பற்றியவை.

டிராக்டர் இல்லை. புல் மண்டிய இடத்தில் அப்படியே விதையைத் தூவலாமா?

தூவலாம், முளைக்கவும் செய்யும். ஆனால் வளராது. பல வருடம் வேர்விட்ட புல் தண்ணீரையும் வெளிச்சத்தையும் முதலில் எடுத்துக்கொள்ளும், உங்கள் நாற்று அதன் அடியில் வெளிறிப்போய்ச் சாகும். முதல் வேலை புல்லைக் கொல்வது. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை அடிப்பதென்றால் ஒன்றைக் கவனியுங்கள்: அது பச்சை இலை வழியாகத்தான் உள்ளே போகும், ஆகவே வெட்டிய கையோடு அடித்தால் மருந்து வீண். வெட்டி, புதுத் தளிர் ஒரு சாண் வளரவிட்டு, லேபிளில் சொன்ன அளவில் அடியுங்கள். காய்ந்த புல்லை வாரி எறியாதீர்கள், அதுதான் மண்ணை மூடி ஈரம் காக்கும் உங்கள் மூடாக்கு. மருந்தே வேண்டாம் என்பவர்கள், இடம் சின்னதாக இருந்தால், வெளிச்சம் புகாத தார்ப்பாயை வெயில் காலத்தில் சில வாரம் விரித்து வைக்கலாம். கிழங்கும் வேர்த்தண்டும் உள்ள புல் மட்டும் இதற்கு லேசில் மசியாது.

தட்டைப்பயறும் சோயாவும் தூவினேன், அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வந்தது. விதை மோசமா?

விதைமேல் பழி போடாதீர்கள். சோயா விதை முளைக்க, தன் எடையில் பாதி அளவுக்குத் தண்ணீர் உறிஞ்ச வேண்டும். மண்மேல் கிடக்கும் பெரிய விதைக்கு அடிப்பக்கம் மட்டும் ஈரம் கிடைக்கும், மேல்பக்கம் வெயிலில் காயும். ஊறி, காய்ந்து, மறுபடி ஊறுவதற்குள் உள்ளே இருக்கும் கரு செத்துவிடும், தப்பியதைப் பறவை பொறுக்கிவிடும். உழவில்லா முறையில் நான் பார்க்கும் தோல்விகளில் நிறைய இந்த வகைதான், ஆளுக்கோ மண்ணுக்கோ இதில் குற்றமில்லை, முறைக்குப் பொருந்தாத விதையைத் தேர்ந்தெடுத்ததுதான் காரணம். தூவுவதற்கு ஏற்றவை பக்வீட் (தானியம்போல் விதை தரும் செடி), கம்பு, சிறுதானியங்கள், கிளோவர் (பயறு இனத் தீவனச் செடி) மாதிரி சின்ன விதைகள். தட்டைப்பயறு, சோயா, சூரியகாந்தி எல்லாம் 2 முதல் 4 செ.மீ. ஆழத்தில் மண்ணுக்குள் இருக்க வேண்டும். உழவில்லா விதைப்புக் கருவி வாடகைக்குக் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் கையால் குத்தி விதைக்கும் கருவியே போதும், துண்டு நிலம்தானே. அப்புறம், மண் 18 டிகிரி செல்சியஸ் தொடும்வரை தட்டைப்பயறை விதைக்காதீர்கள், குளிர்ந்த ஈர மண்ணில் அது அழுகும்.

கருவி வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. பனி ஈரம் காயாத காலையில் ஓட்டினால் கருவியின் வட்டக் கத்தி வைக்கோலை வெட்டாது, மடித்து விதைக் குழிக்குள் திணித்துவிடும். விதை வைக்கோலில் உட்கார்ந்திருக்கும், மண்ணைத் தொடாது. வைக்கோல் மொறுமொறுவென்று காய்ந்த பிறகு ஓட்டுங்கள்.

மூடாக்குக்காக இலையுதிர் காலத்தில் போட்ட ரை (கோதுமை போன்ற தானியப் பயிர்) ஆள் உயரம் நிற்கிறது. எப்போது சாய்ப்பது?

பூத்து, கதிரில் மகரந்தப் பை தொங்கும்போது. அதற்கு முன் உருளையால் மிதித்தால் நான்கு நாளில் எழுந்து நிற்கும், ரொம்பத் தாமதித்தால் மணி முற்றி உதிர்ந்து அடுத்த பருவத்தில் அதுவே களையாகும். வரிசை முக்கியம்: நிற்கும் ரைக்குள் முதலில் விதையைத் தூவி, பிறகு சாய்க்க வேண்டும், அப்போதுதான் விதை தண்டுகளுக்கு இடையே மண்ணில் விழும். வெட்டுவதைவிடச் சாய்ப்பதையே நான் விரும்புகிறேன், முழுத்தண்டு மெதுவாக மட்கும், நிழலும் ஈரமும் நீடிக்கும். இதில் ஒரு விலை உண்டு. முற்றிய ரைத் தண்டை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ளும், சோளமும் கம்பும் கொஞ்ச காலம் மஞ்சளாகும். பயறு வகைக்கு அந்தக் கவலை குறைவு, ஆனால் அந்தப் பயிருக்கு உரிய ரைசோபியத்தை (வேரில் தங்கித் தழைச்சத்து சேர்க்கும் நுண்ணுயிர்) விதையில் கலந்திருக்க வேண்டும்.

சாய்ப்பதற்கு முன் தயவுசெய்து உள்ளே நடந்து பாருங்கள். தரையில் முட்டையிடும் பறவைகள் அந்த அடர்த்தியைத்தான் தேடி வரும். கூடு தெரிந்தால் சுற்றிலும் ஒரு திட்டை விட்டுவிடுங்கள், பறவைக்காகவும்தானே விதைக்கிறோம்.

முளைத்த வாரமே மான் தின்றுவிடுகிறது. என்ன செய்ய?

துண்டு சின்னது, மான் அதிகம், அவ்வளவுதான். சோயாவை விதையிலைக்குக் கீழே கடித்துவிட்டால் மறுபடி தளிர்க்க மொட்டே இல்லை, செடி முடிந்தது. தற்காலிக மின்வேலி போட்டு, செடி கிளைத்து நிற்கும்வரை காப்பாற்றித் திறந்துவிடுங்கள். வேலி முடியாது என்றால் சோயாவை மறந்துவிட்டுக் கிளோவருக்குப் போங்கள், வேர் பிடித்துவிட்டால் கடிபட்டாலும் திரும்பத் தளிர்க்கும்.

மண்ணின் புளிப்பைக் குறைக்கப் போடும் சுண்ணாம்பை, உழுது கலக்காமல் எப்படிப் போடுவது?

மேலேயே தூவலாம். ஆனால் உழாத மண்ணில் அது கீழே இறங்க மாதக்கணக்கில் ஆகும், வருடமும் ஆகலாம். மண் பரிசோதனை செய்து, விதைப்புக்கு ஒரு பருவம் முன்பே போட்டுவிடுங்கள். மண் ரொம்பப் புளித்திருந்தால் முதல் முறை மட்டும் ஒருதடவை உழுது கலந்துவிடுங்கள், அதற்குப் பிறகு கலப்பை வேண்டாம்.