பந்து இல்லாதவரைப் பாருங்கள்

“பெண்கள் இரட்டையர் டென்னிஸை நேரில் போய்ப் பார்ப்பதில் என்ன சுவாரசியம்? ஒற்றையரில் முன்னேற முடியாதவர்கள்தானே அதில் ஆடுகிறார்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள். 2022 செப்டம்பர் வரை நானும் ஏறக்குறைய இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் கோபமில்லாமல் பதில் சொல்கிறேன்.

அந்த மாதம் நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கத்தில் பெண்களுக்கான சென்னை ஓப்பன் நடந்தது. ஆண்கள் போட்டி புனேவுக்குப் போன பிறகு தூங்கிக்கொண்டிருந்த அரங்கம் அது. டிக்கெட் கிடைத்ததும் அப்பாவை அழைத்துக்கொண்டு கடைசி நாளுக்குப் போனேன். எங்கள் நோக்கமெல்லாம் ஒற்றையர் இறுதிதான். செக் நாட்டின் லிண்டா ஃப்ருவிர்தோவா, பதினேழே வயது, அன்று முதல் செட்டை இழந்த பிறகு போலந்தின் மக்டா லினெட்டை வென்றார். நல்ல ஆட்டம். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது இரட்டையர் இறுதிதான்.

அப்பா பழைய சென்னை ஓப்பன் ரசிகர். 2008 அரையிறுதியில் மோயாவுடன் ஏறக்குறைய நான்கு மணி நேரம் மல்லுக்கட்டி ஜெயித்த நடால், மறுநாள் யூஷ்னியிடம் 6-0, 6-1 என்று சுருண்டதை நேற்று நடந்தது போலச் சொல்வார். அப்படிப்பட்டவரே, “இரட்டையர்தானே, ஒரு காபி குடித்துவிட்டு வந்துவிடலாம்” என்றார். நல்லவேளையாக வெளியே வரிசை நீளமாக இருந்தது.

எங்கள் இருக்கை கோர்ட்டின் குறுகிய பக்கத்தில், சர்வீஸ் போடுபவரின் முதுகுக்குப் பின்னால். இதைவிட நல்ல இடம் இரட்டையருக்குக் கிடையாது என்பது அன்று தற்செயலாகத் தெரிந்தது. தொலைக்காட்சியில் நம் கண் பந்தோடு போய்விடுகிறது. நேரில் அந்தக் கட்டாயம் இல்லை. வலைக்கருகே குனிந்து நிற்பவர் இடுப்புக்குப் பின்னால் கையை மறைத்து இணைக்குச் சைகை காட்டுவார். மூடிய கை, விரித்த கை, நீட்டிய விரல் என்று இணைக்கு இணை அது மாறும். சாரம் ஒன்றுதான்: நான் இங்கேயே நிற்கப்போகிறேனா, குறுக்கே பாயப்போகிறேனா. அதைப் பார்த்துவிட்டால் எதிரணிக்குத் தெரியாத ரகசியம் உங்களுக்குத் தெரியும். பந்து எழும்புவதற்கு முன்பே நெஞ்சு படபடக்கும். அவர் பாய்வது போலத் தோளை அசைத்துவிட்டு நின்ற இடத்திலேயே நிற்பதும் உண்டு. திருப்பி அடிப்பவர் அதை நம்பி நேராக அடித்தால், பந்து வலைக்கருகே நிற்பவரின் மட்டைக்கே வந்து சேரும்.

இன்னொன்று, இந்தச் சுற்றுப்போட்டிகளின் கணக்கு. கிராண்ட்ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளுக்கு வெளியே, இரட்டையரில் 40-40 என்று சமன் ஆகிவிட்டால் அடுத்த புள்ளியை எடுக்கும் இணைக்கே அந்த கேம். முன்னிலை, மறுபடி சமன் என்ற இழுபறி கிடையாது. அந்தப் புள்ளிக்கு சர்வீஸ் எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதை எதிர்கொள்ளும் இணை முடிவு செய்யும். ஆளுக்கு ஒரு செட் ஆகிவிட்டால் மூன்றாவது செட்டுக்குப் பதில் பத்துப் புள்ளி டை-பிரேக்: குறைந்தது இரண்டு புள்ளி முன்னிலையோடு முதலில் பத்தைத் தொடும் இணைக்கே வெற்றி. கொஞ்சம் அவசரக் கல்யாணம் போலத்தான் இருக்கும். எனக்கு முழு மூன்று செட்தான் பிடிக்கும், ஆனாலும் ஒரு புள்ளியின் விலையை இந்த முறை ஏற்றிவிடுகிறது என்பதை மறுக்க முடியாது.

அன்றைய இறுதி அவ்வளவு தூரமெல்லாம் போகவில்லை. கனடாவின் கேப்ரியேலா டப்ரோவ்ஸ்கியும் பிரேசிலின் லூயிசா ஸ்டெஃபானியும் அன்னா பிளிங்கோவா, நதேலா ஜலமிட்சே இணையை 6-1, 6-2 என்று வென்றார்கள். எதிரணியின் நிலையும் விசித்திரமானது. இருவருமே ரஷ்யாவில் பிறந்தவர்கள். உக்ரைன் போர் காரணமாக பிளிங்கோவாவின் பெயருக்குப் பக்கத்தில் கொடி இல்லை. ஜலமிட்சே அந்த ஆண்டு ஜார்ஜியாவுக்கு மாறி, ரஷ்யர்களுக்குத் தடை விதித்த விம்பிள்டனிலும் ஆடியிருந்தார்.

ஒருபக்க ஆட்டம் என்று அப்பா முணுமுணுத்தபோது, பக்கத்து இருக்கைப் பெண் திரும்பி, “அங்கிள், அந்த பிரேசில்காரருக்கு ஒரு வருஷத்துக்குப் பிறகு இதுதான் முதல் போட்டி” என்றார். 2021 அமெரிக்க ஓப்பன் அரையிறுதி, முதல் செட் டை-பிரேக். ஸ்டெஃபானியின் வலது முழங்கால் தசைநார் அறுந்து, சக்கர நாற்காலியில் வெளியே போனார். அன்று உடன் ஆடியவரும் இதே டப்ரோவ்ஸ்கி. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் இருவரும் மான்ட்ரியலில் பட்டம் வென்றிருந்தார்கள். அதற்கும் முன்னால், டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்டெஃபானி லாரா பிகோசியுடன் நான்கு மேட்ச் பாயிண்டுகளை, அதாவது இன்னும் ஒரே புள்ளி போனால் தோல்வி என்ற நிலையை நான்கு முறை தாண்டி, பிரேசிலுக்கு டென்னிஸில் முதல் ஒலிம்பிக் பதக்கத்தை வென்று கொடுத்திருந்தார். அறுவைச் சிகிச்சை, மாதக்கணக்கில் பயிற்சி எல்லாம் முடித்து மீண்டும் தொடங்க அவர் வந்து சேர்ந்த ஊர் நம் நுங்கம்பாக்கம்.

அதன் பிறகு அப்பா பந்தைப் பார்க்கவில்லை, அந்த முழங்காலைத்தான் பார்த்தார். ஒவ்வொரு முறை ஸ்டெஃபானி பக்கவாட்டில் பாய்ந்து நின்றபோதும் “மெதுவாக, மெதுவாக” என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்.

‘ஒற்றையரில் முன்னேற முடியாதவர்கள்’ என்றீர்களே, சிலருக்கு அது உண்மைதான். சானியா மிர்சா ஒற்றையரில் உலகின் 27ஆம் இடம் வரை போனவர். காயங்கள் அவரை இரட்டையருக்குத் தள்ளின, அங்கே முதலிடம் பிடித்தார். மார்டினா ஹிங்கிஸுடன் சேர்ந்து தொடர்ச்சியாக 41 ஆட்டங்கள் வென்றார். மீதி வாழ்க்கைக்கு வைத்துக்கொண்ட ஆறுதல் பரிசு என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சென்னைக்கு நான்கு மாதம் கழித்து, ஆஸ்திரேலிய ஓப்பன் கலப்பு இரட்டையர் இறுதி. சானியாவின் கடைசி கிராண்ட்ஸ்லாம் ஆட்டம் அது, உடன் போபண்ணா. எதிரே ரஃபேல் மாடோஸுடன் நின்றவர் ஸ்டெஃபானி. பிரேசில் இணை வென்றது. சானியா மேடையில் அழுதபோது அப்பாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “அந்தப் பெண்ணின் முழங்கால் இப்போது நன்றாக இருக்கிறது, பார்த்தாயா?” என்றார்.